அத்தியாயம் 9: கையில் ஒரு வார், காலில் ஒரு வார்

சேலை எடுத்த கையோடு கண்ணை மூடிக்கொண்டு பிளவுஸ் துணி வாங்குகிற பெண்ணை நான் பார்த்ததில்லை. சேலையைப் பையில் போட்டுக்கொண்டு மேட்சிங் சென்டருக்குப் போவார்கள். கடைக்காரர் பத்துப் பதினைந்து துண்டுகளை எடுத்துப் போடுவார். அதில் இரண்டைப் பிரித்து, முந்தானையோடு சேர்த்துப் பிடித்தபடி கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். டியூப்லைட்டுக்குக் கீழே ஒன்றாகத் தெரிந்த இரண்டு மாம்பழ மஞ்சள், வெயிலில் தூரத்துச் சொந்தம்கூட இல்லை என்று தெரிந்துவிடும்.

வாட்ச் ஸ்ட்ராப் வாங்கப் போகிற ஆண்கள் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் குனிந்து, "பிரவுன்ல ஒண்ணு குடுங்க" என்பதோடு முடித்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். டான் நிற ஷூவுக்கென்று வாங்கியது, தெருவுக்கு வந்து பார்த்தால் பேரீச்சம்பழ நிறத்தில் இருந்தது. ஒரு வருஷம் மேசை இழுப்பறையில் கிடந்தது அது.

ஆகவே முதல் யோசனை: ஸ்ட்ராப் வாங்கப் போகிற அன்று, அதற்குப் பொருந்த வேண்டிய ஷூவைப் போட்டுக்கொண்டு போங்கள். பிடித்த இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, குனிந்து, ஷூவோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

செருப்பில் இருப்பதையும் வார் என்கிறோம், கடிகாரத்தில் இருப்பதையும் வார் என்கிறோம். ஆனால் இரண்டையும் பொருத்திப் பார்க்கும் வழக்கம் நம்முடையதல்ல. ஐரோப்பிய ஆண்களின் கோட்டு சூட்டோடு வந்தது. பெல்ட்டும் ஷூவும் ஒரே நிறத் தோலாக இருக்க வேண்டும் என்பது அங்கே பழைய விதி. ஆனால் ஒரு காலத்தில் ஆண்களின் கடிகாரம் பைக்குள் சங்கிலியோடு கிடந்தது; வார் என்ற பேச்சே இல்லை. கையில் கட்டுவது பெண்கள் அணியும் நகை மாதிரி என்ற எண்ணம்கூட இருந்தது. 1914-18 உலகப் போரில், பதுங்குகுழியில் இருந்தவன் பைக்குள் கைவிட்டு மணி பார்க்க முடியாது என்பதால் கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறியது. போர் முடிந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டது. பெல்ட், ஷூவோடு வாரும் அந்தக் கூட்டில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

அந்த விதிக்குள் சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனை இருக்கிறது. காலையில் மாட்டிய ஷூவை இரவு படுக்கப் போகும்வரை கழற்ற மாட்டார்கள் என்பதுதான் அது. நம் ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். கோயில், சொந்தக்காரர் வீடு, துக்க வீடு, சில டாக்டர்களின் கிளினிக், கல்யாண மேடை. ஷூவுக்காகவே தேடி வாங்கிய வார், ஷூவை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்ததும் துணையில்லாமல் நிற்கிறது. அதனால் இந்த நூலில் நான் சொல்லும் வரிசை வேறு. போகிற இடத்தில் ஷூ காலில் இருக்குமா என்று முதலில் கேளுங்கள். இருக்கும் என்றால் ஷூவோடும் பெல்ட்டோடும் பொருத்துங்கள். இருக்காது என்றால் ஷூவை மறந்துவிட்டுத் துணியோடு பொருத்துங்கள்.

அலுவலகம்: கறுப்பு எளிது, பிரவுன்தான் சிக்கல்

கறுப்பு ஷூவுக்குக் கறுப்பு வார். இதில் பேச ஒன்றுமில்லை. கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டையுமாக நீதிமன்றம் போகிற வக்கீலுக்கு அதைத் தவிர வேறு தோல்வார் தேவையே இல்லை.

பிரவுன் என்பது ஒரு நிறத்தின் பெயரல்ல, ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். ஷூ கடைகளில் புழங்கும் சொற்களை வைத்தே அதை மூன்றாகப் பிரிக்கலாம். டான் என்பது மஞ்சள் ஓடுகிற பிரவுன், கருப்பட்டிக் காபியில் பால் கொஞ்சம் தாராளமாக விழுந்த நிறம். செர்ரி என்பது சிவப்பு ஓடுவது. காபி பிரவுன் என்பது இருட்டில் கறுப்பென்றே தோன்றுவது. டான் ஷூவுக்கு அதைவிட ஒரு படி இருண்ட டான் வார் பொருந்தும், காபி பிரவுனும் பொருந்தும். செர்ரி வார் பொருந்தாது. உள்ளே ஓடுவது மஞ்சளா சிவப்பா என்பதுதான் கேள்வி. வெளுப்பும் கருமையும் அதற்கு அப்புறம். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, இரண்டையும் வெள்ளைத் தாள்மீது வைத்துப் பார்ப்பது. தனியாகப் பார்க்கும்போது ஒளிந்துகொள்கிற சிவப்பு, வெள்ளைக்குப் பக்கத்தில் வெளியே வந்துவிடும்.

அச்சு அசலாக ஒரே நிறம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு ஒரு விஷயம். அப்படியே கிடைத்தாலும் அது நிலைக்காது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: பதப்படுத்தும் முறையைப் பொறுத்துத் தோலின் பிற்கால வாழ்க்கை மாறும். குரோமிய உப்பில் பதமான தோல் சாயம் ஏற்றிய நிறத்தைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொள்ளும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்ற மரச்சரக்கில் பதமான தோல் வெயில் படப்பட, கை எண்ணெய் ஏறஏற, கறுத்துக்கொண்டே போகும். ஆறு மாதத்தில் தேன் நிறம் வெல்ல நிறமாகிவிடும். அந்த மாற்றத்துக்காகவே அதை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் அதில் ஒருவன். ஷூவோ பாலிஷ் குடித்துக் குடித்து வேறு திசையில் போய்க்கொண்டிருக்கும். அதனால் இரண்டும் ஒரே குடும்பமாக இருந்து, ஒரு படி இறக்கமாகவோ ஏற்றமாகவோ இருக்கட்டும். இரட்டைப் பிள்ளையாகத் தேடினால் ஏமாற்றம்தான்.

துணியைப் பொறுத்தவரை நேவி ப்ளூவும் சாம்பலும் கறுப்பு, பிரவுன் இரண்டு வாரையும் ஏற்கும். சந்தன நிறப் பேண்டுக்கும் ஜீன்ஸுக்கும் பிரவுன் நன்றாக இருக்கும். நம் ஊரில் அதிகம் பார்க்கிற கறுப்புப் பேண்ட், வெள்ளைச் சட்டைக்கு டான் வார் போட்டால் கை மட்டும் தனியாக வந்து நிற்கும். கறுப்பு வாரோ ஸ்டீல் செயினோ போதும். வெள்ளை ஸ்னீக்கர் போடுகிறவர்கள் வெள்ளை வார் தேட வேண்டாம். இரண்டாவது வாரமே அது என்ன நிறமாகும் என்பது பஸ்ஸில் கம்பியைப் பிடித்துப் பயணம் செய்கிற எல்லோருக்கும் தெரியும்.

நிறத்துக்கு அடுத்தது பளபளப்பு

நிறம் சரியாக இருந்தும் ஏதோ ஒட்டவில்லை என்று தோன்றினால், காரணம் மினுமினுப்பாக இருக்கலாம். முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போட்ட ஷூவுக்கு மங்கலான, சொரசொரப்பான வார் வேலைக்கார வேஷம் போட்ட மாதிரி இருக்கும். மெல்லிய, வழவழப்பான வார், தோல் நிறத்திலேயே தையல் நூல் என்றால் அது அலுவலகத்துக்கு. பருத்த வார், ஓரத்தில் வெள்ளை நூலில் பெரிய பெரிய தையல் என்றால் அது ஜீன்ஸுக்கும் கான்வாஸ் ஷூவுக்கும். தையல் நூலின் நிறத்தைப் பலர் கவனிப்பதில்லை. மற்றவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

முதலைத்தோல் வார் என்று கடையில் காட்டினால் மயங்க வேண்டாம். நம் நாட்டில் முதலை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. கடைகளில் சாதாரணமாகத் தொங்குவது மாட்டுத் தோலில் முதலைச் செதிலை அச்சுக் குத்தியது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அச்சுத் தோலுக்கு உண்டான விலையைக் கொடுங்கள். அதைவிடப் பெரிய ஏமாற்று, துணிமேல் ரெக்சின் ஒட்டி லெதர் என்று விற்பது. வாரின் வெட்டு முனையையும், துளையின் உள்பக்கத்தையும் பாருங்கள். தோல் என்றால் நார் நாராகத் தெரியும். ரெக்சின் என்றால் மேலே ஒரு படலமும் கீழே நெசவுத் துணியும் தெரியும். நான் வாங்கிய ஒன்று மூன்றாவது மாதத்தில் வெங்காயச் சருகுபோல உரிந்து, வெள்ளைச் சட்டையின் கைமடிப்பில் ஒட்டிக்கொண்டது.

உலோகங்கள் ஒன்றையொன்று பார்க்கும்

பெல்ட் பக்கிள் வெள்ளி நிறம் என்றால் கடிகாரத்தின் உடலும் வாரின் பக்கிளும் வெள்ளி நிறமாக இருக்கட்டும். தங்க நிறம் என்றால் தங்கம். புது வார் வாங்கும்போது அதோடு வருகிற பக்கிள் பெரும்பாலும் ஸ்டீல் நிறம்தான். உங்கள் கடிகாரம் தங்க முலாம் என்றால் பழைய வாரின் பக்கிளைக் கழற்றிப் புதியதில் மாட்டச் சொல்லுங்கள். முனை அகலம் ஒன்றாக இருந்தால் ஒரு நிமிட வேலை. கல்யாண மோதிரத்துக்கும் கழுத்துச் சங்கிலிக்கும் இந்தக் கணக்கில் விலக்கு உண்டு. அவை உடம்போடு சேர்ந்தவை, உடையோடு சேர்ந்தவை அல்ல. வலது கையில் கட்டிய கோயில் கயிற்றுக்கும் அப்படியே. அதற்குப் பொருத்தமாகச் சிவப்பு வார் தேடிய ஒருவரை எனக்குத் தெரியும்; அதைப் பற்றி மேலே எழுத விருப்பமில்லை.

பக்கிள் பட்ட இடத்தில் தோல் அரித்துச் சிவந்தால், மலிவான பக்கிளின் முலாமில் இருக்கும் நிக்கல் காரணமாக இருக்கலாம். நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பக்கிளுக்கு மாறினால் பலருக்கு அடங்கிவிடும். அடங்காவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

ஸ்டீல் செயின் போட்ட கடிகாரம் எந்த நிற ஷூவோடும் சண்டை போடாது. ஒரே ஒரு கடிகாரம், நாலு ஜோடி ஷூ என்றால் செயின்தான் விடை. ஆனால் செயின் தளர்ந்து முழங்கைவரை ஓடக் கூடாது. கடையில் லிங்க் எடுத்துச் சரிசெய்து, ஒரு சுண்டுவிரல் நுழைகிற இடம் மட்டும் விடுங்கள். எடுத்த லிங்க்குகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உடம்பு பெருக்கும்.

அளவு

கடிகாரத்தில் வார் மாட்டும் இரண்டு காதுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் வாரின் அகலம். மி.மீட்டரில் சொல்வார்கள். ஆண்கள் கடிகாரத்தில் 18, 20, 22 அதிகம். பெண்களுக்கு 12, 14, 16 என்று போகும். பள்ளிக்கூட ஸ்கேலே போதும். 18 வாரை 20 இடைவெளியில் மாட்டினால் இரண்டு பக்கமும் வாரைத் தாங்கும் பின் தெரியும். சின்னப் பையன் அப்பா சட்டை போட்ட கதை. 20 தோல்வாரை 19 இடைவெளியில் கொஞ்சம் அழுத்தி நுழைத்துவிடலாம்.

வீட்டில் தாத்தாவின் எச்.எம்.டி. கிடக்கிறது, அதற்கு நல்ல வார் போட வேண்டும் என்று கேட்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் தொடங்கிய கடிகாரத் தொழிற்சாலையின் தயாரிப்பு அது. பிறகு டாட்டாவும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் உருவாக்கிய டைட்டன், ஓசூரிலிருந்து சந்தையைப் பிடித்தது. எச்.எம்.டி.யின் அந்தப் பழைய சாவி கொடுக்கும் கடிகாரங்கள் இன்றைய கண்ணுக்குச் சிறியவை, மெல்லியவை. பருத்த வார் அவற்றை விழுங்கிவிடும். இரண்டு மி.மீ. தடிமன் தாண்டாத, முனையில் குறுகுகிற வாராகப் பாருங்கள். மாட்டும் முன் காதுகளுக்கு நடுவே அளந்துவிடுங்கள். பழையதில் எல்லாமே இன்றைய அளவுக்கு அடங்கும் என்று சொல்ல முடியாது.

நீளத்தையும் பாருங்கள். ஐந்து துளை உள்ள வாரில் நடுத் துளையிலோ அதற்குப் பக்கத்துத் துளையிலோ பக்கிள் விழ வேண்டும். கடைசித் துளையில் கட்டி, வால் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு வந்தால் அது உங்கள் வார் அல்ல. மெலிந்த கைக்காரர்கள் குட்டை அளவு இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரர் ஆணி வைத்து ஆறாவது துளை போட்டுத் தருவதாகச் சொல்வார், நாகரிகமாக மறுத்துவிடுங்கள்.

வேட்டியும் கல்யாணமும்

இங்கே ஷூ இல்லை, பெல்ட் இருந்தாலும் வெளியே தெரியாது. வாருக்குப் பேச்சுத்துணை வேட்டிக்கரை மட்டும்தான். தங்கச் சரிகைக் கரைக்குத் தங்க நிறக் கடிகாரம், காபி பிரவுன் வார் அல்லது தங்க நிறச் செயின். வெள்ளிச் சரிகைக்கு ஸ்டீல். பச்சை, அரக்கு என்று வண்ணக்கரை என்றால் கரையின் நிறத்தில் வார் தேடாதீர்கள், பிரவுனே அடக்கமாக இருக்கும். கட்சிக்கரைக்கு என்ன வார் என்று கேட்டால், அங்கே கரையைத் தவிர வேறு எதையும் யாரும் பார்ப்பதில்லை.

மாப்பிள்ளைக்குத்தான் உண்மையான சோதனை. முதல் நாள் மாலை ரிசப்ஷனில் கோட்டு சூட்டும் ஷூவும். மறுநாள் விடியற்காலை முகூர்த்தத்தில் பட்டு வேட்டி, வெறுங்கால். கடிகாரம் ஒன்று, வேஷம் இரண்டு. ரிசப்ஷனுக்கு ஷூவின் நிறத்தில் தோல்வார் மாட்டுங்கள். இரவு படுக்கும் முன் அதைக் கழற்றிவிட்டுச் செயினை மாட்டுங்கள். பின்னில் சின்னக் குமிழ் வைத்து விரலாலேயே கழற்றுகிற வார்கள் வந்துவிட்டன, அரை நிமிடம் ஆகாது. முகூர்த்தத்துக்குத் தோல் வேண்டாம் என்று சொல்ல மூன்று காரணம். பூஜையில், ஹோமத்தில் உட்காரும்போது தோல் உடம்பில் இருப்பதைப் பல வீடுகளில் விரும்ப மாட்டார்கள். தாரை வார்க்கும்போது தண்ணீர் நேரே கையில் விழும். அப்புறம் சந்தனம், குங்குமம், நெய். தோலில் ஏறினால் போகாது.

மணப்பெண்ணுக்கு நான் வாட்சே சொல்வதில்லை. வளையலும் காப்புக் கயிறும் ஏறிய கையில் அதற்கு இடமேது?

சேலையோடு

சேலையின் கீழ் செருப்பு பாதி மறைந்துவிடும். அதனால் பெண்கள் காலைப் பார்க்க வேண்டாம், கைப்பையைப் பாருங்கள். வாரும் கைப்பையின் பிடியும் ஒரே கையில், ஒரே உயரத்தில் வருகின்றன. பையின் தோல் நிறமும் அதன் கொக்கியின் உலோகமும் வாரோடு ஒத்துப்போனால் சேலை எந்த நிறமானாலும் கவலையில்லை. சேலை நிறத்துக்கெல்லாம் வார் மாற்றுவது என்று தொடங்கினால் முடிவே கிடையாது. பருத்திச் சேலைக்குத் தோல்வாரும், பட்டுக்கு மெல்லிய செயினும் என்று இரண்டோடு நிறுத்தலாம். கண்ணாடி வளையல் ஒரு கை, வாட்ச் மறு கை. ஒரே கையில் போட்டால் கடிகாரக் கண்ணாடியில் கீறல் விழாவிட்டாலும் வாரின் ஓரம் தேயும்.

டயலை மணிக்கட்டின் உள்பக்கமாக வைத்துக் கட்டுகிற டீச்சர்களையும் நர்சுகளையும் பார்த்திருப்பீர்கள். அப்படிக் கட்டினால் ஊருக்குத் தெரிவது டயல் அல்ல, பக்கிளும் வாரின் வாலும்தான். அவர்கள் வாங்கும்போது வாரைத் திருப்பிப் பிடித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

வியர்வை

இந்த நூலின் பாதிப் பொருத்தங்களைச் சித்திரை மாதம் கலைத்துவிடும். தோல்வாருக்கு எதிரி வியர்வை. உப்பு ஏறி, உள்தோல் இறுகி, வெடித்து, நாற்றம் பிடிக்கும். ஒரே தோல்வாரைத் தொடர்ந்து இரண்டு நாள் கட்டாதீர்கள். கழற்றியதும் உலர்ந்த மென்துணியால் உள்பக்கத்தைத் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலில் காயவைத்தால் அப்பளம் ஆகிவிடும். மழைக்காலத்தில் பீரோவுக்குள் பூட்டி வைத்தால் பூஞ்சை வரும். ஷூவுக்குப் போடுகிற நிறப் பாலிஷை வாருக்குப் போடக் கூடாது. அது சட்டைக் கையில்தான் வந்து சேரும். நிறமில்லாத கிரீமை மேல்பக்கம் மட்டும், தொட்டும் தொடாமலும் பூசலாம்.

வெயில் மாதங்களுக்கு நைலான் வார் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நேட்டோ வார் என்று விற்பது, 1973இல் பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறை தன் வீரர்களுக்காக வகுத்த அளவில் பிறந்தது. அசல் நிறம் சாம்பல், அகலம் 20 மி.மீ. ஒரே துண்டு கடிகாரத்துக்கு அடியில் ஓடுவதால் ஒரு பின் உடைந்தாலும் கடிகாரம் கீழே விழாது. சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் போடலாம். செருப்பு, கான்வாஸ், ஸ்னீக்கர் எல்லாவற்றோடும் போகும். கோட்டு சூட்டோடு போடாதீர்கள், அது ஒரு சினிமா ஆசை. ஸ்மார்ட் வாட்சின் சிலிக்கான் வாருக்கும் இதே கணக்குத்தான்: நடைப்பயிற்சிக்கு அது, இன்டர்வியூவுக்குத் தோல்.

எத்தனை வார் வேண்டும் என்று கேட்டால், கறுப்பு ஒன்று, காபி பிரவுன் ஒன்று, நைலான் ஒன்று. நான்காவதை ஆசைக்கு வாங்கலாம்.

வீட்டிலேயே மாற்றுகிறவர்கள் மடித்த துண்டின்மேல் வைத்து மாற்றுங்கள். கடிகாரத்தின் காதுகளில் செல்லோடேப் ஒட்டிக்கொண்டால் கருவி சறுக்கினாலும் கீறல் விழாது. பக்கிள் உள்ள குட்டைத் துண்டு 12 பக்கம், துளை உள்ள நீளத் துண்டு 6 பக்கம். பின் இரண்டு பக்கமும் துளையில் விழுந்துவிட்டதா என்று வாரை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். தேய்ந்துபோன வாரைத் தூக்கிப் போடும் முன் அதிலிருந்து பக்கிளையும் பின்களையும் எடுத்து ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு வையுங்கள். பின் தெறித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடுவது எப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான். அன்று வாட்ச் கடை திறந்திருக்காது.